கல்லறையிலும் சமநிலை வேண்டிய வழக்கறிஞர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு என்றவுடன் வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன் ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. எனினும் ஒரு நாட்டின் வரலாறு தலைநகரில் மட்டும் உருவாவதன்று. சிற்றூர் நீதிமன்றங்களிலும், மாவட்டத் தேர்தல்களிலும், பள்ளிக்கூட வரி பற்றிய பூசல்களிலும் அது சிறிது சிறிதாக உருப்பெறுகின்றது. அத்தகைய சிற்றூர் வாழ்விலிருந்து எழுந்து, ஒரு பெரும் நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்தியமைப்பதில் முன்னின்ற ஒருவரை இத்திங்கள் அறிந்துகொள்வோம். அவர் பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்காக வேற்று மாநிலம் சென்றவர், கால் ஊனத்துடன் பிறந்தவர், கூரிய நாவினர், குறைகளும் உடையவர். குறைகள் உடையவராயினும் ஒரே கொள்கையை முதுமைவரை பற்றி நின்றமையால் அவர் வாழ்வு படிக்கத் தக்கதாகின்றது.

தாய் தந்த கல்வி

ஸ்டீவன்ஸ் 1792-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், வட கோடியிலுள்ள வெர்மான்ட் மாநிலத்தில் டான்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். நான்கு ஆண்மக்களுள் இவர் இரண்டாமவர். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. மூத்தவருக்கோ இரு பாதங்களுமே வளைந்திருந்தன. அக்காலத்து மக்கள் இத்தகைய ஊனத்தை இறைவன் விதித்த தண்டனை என்று கருதினர். தந்தையார் உழவும் செருப்புத் தொழிலும் செய்து வந்தார். பிள்ளைகள் வளரும் முன்பே குடும்பத்தை விட்டு நீங்கினார்.

தாயார் சாரா கலங்கி நின்றுவிடவில்லை. உழவு வேலைக்கு உதவாத கால் உடைய மகனுக்குக் கல்வியே துணை என்று உணர்ந்தார். நல்ல பள்ளி இருந்த பீச்சம் என்னும் ஊருக்குக் குடும்பத்துடன் குடிபெயர்ந்தார். அங்கே பயின்ற ஸ்டீவன்ஸ் பின்னர் டார்ட்மத் கல்லூரியில் சேர்ந்து 1814-இல் பட்டம் பெற்றார். தம் வாழ்வில் தாயாருக்குத் தாம் பட்ட கடனை அவர் என்றும் மறந்ததில்லை. பொருள் ஈட்டத் தொடங்கிய பின் தாயாருக்குப் பண்ணை நிலம் வாங்கிக் கொடுத்தார். தம் இறுதி முறியிலும், தாயாரின் கல்லறையைப் பேணுவதற்கும் ஆண்டுதோறும் அங்கே மலர்ச்செடிகள் நடுவதற்கும் பொருள் ஒதுக்கினார்.

பட்டம் பெற்றவர் 1815-இல் தெற்கே பென்சில்வேனியா மாநிலத்தின் யார்க் நகரை அடைந்தார். பகலில் பள்ளி ஆசிரியர். எஞ்சிய நேரத்தில் சட்ட மாணவர். வேறு தொழில் செய்துகொண்டே சட்டம் பயின்றவர்களை ஏற்பதில்லை என்று அவ்வூர் வழக்கறிஞர் சங்கத்தார் விதி செய்தனர். வெளியூரிலிருந்து வந்த ஏழை இளைஞனுக்குக் கதவு அடைபட்டது. அவர் எல்லை கடந்து மேரிலாந்து மாநிலத்துக்குச் சென்று அங்கே தேர்வு பெற்றார். 1816-இல் பென்சில்வேனியாவுக்கே திரும்பி, கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

பிற்காலத்தில் பெரும் போராலும் லிங்கனின் உரையாலும் உலகப் புகழ் பெற்ற கெட்டிஸ்பர்க்தான் அது. ஆனால் அன்று அது அமைதியான ஒரு மாவட்டத் தலைநகர். கொலை வழக்கு ஒன்றில், குற்றம் சாட்டப்பட்டவன் சித்தம் கலங்கியவன் என்று ஸ்டீவன்ஸ் வாதாடினார். அவ்வாதம் அந்நாளில் புதுமையானது. வழக்கில் தோல்வியே கிட்டிற்று. ஆயினும் வாதத்தின் வன்மையால் ஊரார் அவரை நாடி வரலாயினர். சில ஆண்டுகளில் நிலமும் வீடுகளும் அவருக்கு உரிமையாயின.

சாரிட்டி பட்லர் வழக்கு

கெட்டிஸ்பர்க்குக்குத் தெற்கே சிறிது தொலைவில்தான் மேரிலாந்தின் எல்லை. அந்த எல்லைக்கு அப்பால் அடிமை முறை சட்டப்படி நிலவியது. இப்பால் பென்சில்வேனியாவில் 1780-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையைப் படிப்படியாக ஒழித்து வந்தது. வேற்று மாநிலத்து உரிமையாளர் தம் அடிமையைப் பென்சில்வேனியாவில் 6 திங்களுக்கு மேல் வைத்திருந்தால் அவ்வடிமை விடுதலை பெறலாம் என்பது அச்சட்டத்தின் ஒரு கூறு.

சாரிட்டி பட்லர் என்னும் கறுப்பினப் பெண் இச்சட்டத்தின் துணையை நாடினாள். எல்லை தாண்டிப் பல முறை அழைத்து வரப்பட்டதாகவும், அந்நாட்களை எல்லாம் கூட்டினால் 6 திங்களுக்கு மேல் ஆகும் என்றும், ஆகவே தானும் தன் குழந்தைகளும் விடுதலைக்கு உரியவர்கள் என்றும் அவள் தரப்பில் வாதிக்கப்பட்டது. எதிர்த்தரப்பில், அடிமை உரிமையாளருக்காக நின்றவர் யார் தெரியுமா? தாடியஸ் ஸ்டீவன்ஸ்தான்!

சட்டம் குறிப்பது தொடர்ச்சியான 6 திங்களையே. விட்டு விட்டு வந்த நாட்களைக் கூட்டுதல் கூடாது என்பது அவர் வாதம். 1821-இல் மாநிலத் தலைமை நீதிமன்றம் அதனை ஏற்றது. வழக்கறிஞர் வென்றார். தாயும் மக்களும் அடிமை வாழ்வுக்குத் திரும்பினர்.

ஸ்டீவன்ஸின் புகழ் பாடுவோர் சிலர் இவ்வழக்கை விரைந்து கடந்துவிடுவர். அவ்வாறு கடத்தல் தகாது. சட்ட அறிவு என்பது கூர்மையான கருவி. அதனைப் பிடித்திருக்கும் கை எப்பக்கம் நிற்கின்றது என்பதே முதன்மையானது என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது. நாட்களைக் கூட்டுவதா, கூட்டாதிருப்பதா என்னும் ஒரு சிறு நுணுக்கத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருந்தது.

அதன் பின்னர் அவர் வாழ்வு சென்ற திசை வேறு. 1823-ஆம் ஆண்டு விடுதலை நாள் விருந்தில், எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாத ஒருவரே நாட்டின் அடுத்த தலைவராக வேண்டும் என்று வெளிப்படையாக வாழ்த்துரைத்தார். தப்பி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றம் ஏறினார். 1837-38-ஆம் ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் அரசியல் சட்டத்தைத் திருத்த ஒரு பேரவை கூடிற்று. அதில் ஸ்டீவன்ஸும் ஓர் உறுப்பினர். வாக்குரிமை வெள்ளையர்க்கு மட்டுமே என்று அப்பேரவை முடிவு செய்தபோது, அச்சட்டத்தில் தம் கையொப்பத்தை இட மறுத்துவிட்டார்.

பள்ளிக்கூடச் சட்டம்

1833-இல் ஸ்டீவன்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் பென்சில்வேனியாவில் ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்க ஒரு வழி இருந்தது. ஆனால் அதற்குப் பெற்றோர் தாம் வறியவர் என்று அரசினரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். மானம் உள்ள பெற்றோர் பலர் அப்பட்டியலில் ஏற விரும்பாமல் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனர்.

1834-இல் புதிய சட்டம் ஒன்று வந்தது. ஏழை, செல்வர் என்னும் வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் வரிப்பணத்தில் பொதுப்பள்ளி அமைக்க அது வழி செய்தது. உடனே எதிர்ப்பும் கிளம்பிற்று. பிள்ளை இல்லாத நான் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். என் பிள்ளைகளை நானே படிக்க வைத்துவிட்டேன், பிறர் பிள்ளைகளுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்றார் மற்றொருவர். ஜெர்மானியக் குடியேற்றத்தாரின் வழிவந்தோர் பலர், தம் திருச்சபைப் பள்ளிகளும் தாய்மொழியும் அழிந்துவிடுமோ என்று அஞ்சினர். இந்த அச்சத்தை நாம் எளிதாக எள்ளிவிட முடியாது. ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தமிழெழுத்து சொல்லித் தரும் நமக்கு அதன் பொருள் நன்கு விளங்கும்.

1835-இல் மேல் சபை அச்சட்டத்தை நீக்க வாக்களித்துவிட்டது. கீழ்ச் சபையிலும் அதே முடிவு வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். ஏப்ரல் 11-ஆம் நாள் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். வறியவர் என்று பட்டியலிட்டுப் பிள்ளைகளைப் பிரிப்பது அவர்கள் நெற்றியில் முத்திரை குத்துவதாகும் என்றார். குற்றமே செய்யாத மனிதரும் சிறைச்சாலைக்காகவும் நீதிமன்றத்துக்காகவும் முகம் சுளியாமல் வரி கொடுக்கின்றனர். குற்றத்தைத் தண்டிக்கக் கொடுப்பவர்கள் அதைத் தடுக்கும் கல்விக்குக் கொடுக்கத் தயங்குவது ஏன் என்று வினவினார். அடுத்த தேர்தலில் தோற்போம் என்று அஞ்சிய உறுப்பினர்களை நோக்கி, மக்கள் விருப்பத்தின் பின்னே செல்லாமல் மக்களுக்கு வழிகாட்டுமாறு வேண்டினார். பேச்சு முடிந்ததும் அவையின் போக்கு மாறிற்று. சட்டம் பிழைத்தது. 1837-இல் ஜெர்மன் மொழிப் பள்ளிகளும் அத்திட்டத்தில் இடம்பெற வழி பிறந்தது.

தம் வாழ்நாளின் சிறந்த செயல் இதுவே என்று ஸ்டீவன்ஸ் கருதி வந்தார். அடிமை முறையை ஒழித்த சட்டத்திருத்தத்தில் பங்கு கொண்ட ஒருவர், ஒரு பள்ளிக்கூடச் சட்டத்தைக் காத்ததைப் பெரிதாகக் கருதினார் எனின், பீச்சம் ஊருக்குக் குடிபெயர்ந்த தாயை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் நிறைகளும்

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. சீட்டாட்டத்தில் பணயம் வைப்பதில் பெரு விருப்பம் கொண்டிருந்தார். அவர் நாவின் கூர்மை நண்பரையும் விட்டுவைப்பதில்லை. ஃப்ரீமேசன் என்னும் இரகசியக் கழகத்தார்மீது அவர் கொண்ட பகை வரம்பு கடந்து சென்றது; அவர்களைச் சட்டமன்றக் குழுவின் முன் வரவழைத்துத் துன்புறுத்தியது அவருக்கே இழுக்காக முடிந்தது. 1838-இல் தேர்தல் முடிவு பற்றிய சச்சரவில் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் கூட்டம் கொதித்தெழுந்தபோது, அவர் பலகணி வழியே குதித்துத் தப்ப நேர்ந்தது.

பொருளியலிலும் இடர் வந்தது. தாம் பிறந்த மாவட்டத்தின் பெயரால் காலிடோனியா என்று அழைத்த இரும்பு உலைத் தொழில் அவரைப் பெருங்கடனில் ஆழ்த்தியது. கடனைத் தீர்க்கும்பொருட்டு, 1842-இல், ஐம்பதாம் வயதில், வருவாய் மிகுந்த லாங்காஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து தொழிலைப் புதிதாகத் தொடங்கினார். ஐம்பது வயதில் மீண்டும் ஒரு புதிய ஊர். மீண்டும் அறிமுகமற்ற முகங்கள்! எனினும் விரைவிலேயே அம்மாவட்டத்தின் முதன்மை வழக்கறிஞர்களுள் ஒருவரானார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்னும் கலப்பினக் கைம்பெண் அவர் இல்லத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிர்வகித்து வந்தார். ஊரார் பலவாறு பேசினர். ஸ்டீவன்ஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. வெள்ளை இனத்துப் பெண்டிருக்கு அளிக்கும் மரியாதைச் சொல்லாலேயே அவரையும் அழைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். தம் இறுதி முறியிலும் அவருக்குப் பொருள் எழுதி வைத்தார். அறிவும் வணிகத் திறனும் மிக்க அவ்வம்மையார் பின்னர் ஸ்டீவன்ஸின் வீட்டைத் தாமே விலை கொடுத்து வாங்கினார்.

1848-இல் ஸ்டீவன்ஸ் நாட்டின் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தர எல்லாரும் உதவ வேண்டும் என்று 1850-இல் கொண்டுவந்த சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அடுத்த ஆண்டே அச்சட்டத்தின் விளைவை லாங்காஸ்டர் மாவட்டம் கண்டது. 1851 செப்டம்பர் 11-ஆம் நாள், கிறிஸ்டியானா என்னும் ஊருக்கு அருகில், தப்பி வந்தவர்களைப் பிடிக்க வந்த மேரிலாந்து உரிமையாளர் ஒருவர் மோதலில் கொல்லப்பட்டார். அங்கே குதிரைமீது வந்து நின்று, பிடிப்பதற்கு உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே என்னும் ஆலைக்காரர்மீது அரசினர் கொலைக் குற்றத்தை அன்று, நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்த துரோகக் குற்றத்தையே சுமத்தினர்!

ஹான்வேயின் வழக்கறிஞர் குழுவில் ஸ்டீவன்ஸ் இடம்பெற்றார். கையில் ஆயுதம் ஏதுமின்றி வந்து, உதவ மறுத்து நின்ற ஒருவர் ஒரு நாட்டின்மீது போர் தொடுத்தவர் ஆவாரா? பிலடெல்பியாவில் நடந்த விசாரணையின் முடிவில், நடுவர் குழுவினர் கால் மணி நேரத்தில் அவரைக் குற்றமற்றவர் என்று கூறினர். முப்பது ஆண்டுகளுக்கு முன் சட்டத்தின் நுணுக்கத்தால் ஒரு தாயை அடிமை வாழ்வுக்கு அனுப்பிய அதே கூர்மதி, இப்போது எதிர்ப்பக்கம் நின்றது.

சட்டத்தில் ஏறிய சொல்

சில ஆண்டுகள் விலகியிருந்த ஸ்டீவன்ஸ் 1858-இல், 66-ஆம் வயதில், குடியரசுக் கட்சியின் சார்பில் மீண்டும் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்நாட்டுப் போர் 1861-இல் மூண்டபோது, அரசின் வரவு செலவுகளை ஆராயும் குழுவுக்கு அவரே தலைவர். படைக்கு வேண்டிய பணத்தைத் திரட்டும் சட்டங்கள் அவர் கையால் நிறைவேறின. லிங்கன் மெல்ல நடக்கின்றார் என்று இடித்துரைப்பதும் அவர் வழக்கமாயிற்று. 1863 ஜூன் திங்களில், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாட்கள் முன், தென்னகப் படையினர் காலிடோனியா இரும்பு ஆலையைத் தீக்கிரையாக்கினர். செய்தி அறிந்த ஸ்டீவன்ஸ் தம் இழப்பைக் காட்டிலும், அங்கே வேலை செய்த ஏழைக் குடும்பங்களின் நிலையை எண்ணியே கவலை கொண்டார்.

அடிமை முறையை ஒழிக்கும் 13-ஆவது சட்டத்திருத்தம் 1865 ஜனவரி 31-ஆம் நாள் கீழவையில் நிறைவேறிற்று. ஆனால் விடுதலை மட்டும் போதுமா? குடியுரிமை இல்லாத விடுதலை கூரை இல்லாத வீடு அன்றோ? 1866-இல் 14-ஆவது திருத்தம் உருவாயிற்று. அதன் முதற்பிரிவைப் பெரிதும் வரைந்தவர் ஜான் பிங்கம். அத்திருத்தத்தை அவையில் நடத்திச் சென்றவர் ஸ்டீவன்ஸ். நாட்டில் பிறந்தோர் நாட்டின் குடிமக்கள். அவர்கள் தாம் வாழும் மாநிலத்தின் குடிமக்களும் ஆவர். சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் எவருக்கும் மறுக்கக் கூடாது என்பது அப்பிரிவின் சாரம்.

அவர் விரும்பியது இதனினும் பெரிது. கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றார். பெருநிலக்கிழார்களின் நிலத்தை எடுத்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் வழங்க வேண்டும் என்றார். நிலத் திட்டத்தைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. திருத்தத்தின் மீது வாக்கெடுப்பு நடந்த நாளில், தம் இளமைக் கனவு முழுவதும் கைகூடவில்லை என்று மனம் வருந்திக் கூறிவிட்டு, தேவர்களிடையே அன்றி மனிதர்களிடையே வாழ்வதால் கிடைத்ததை ஏற்பதாக அறிவித்தார். இத்திருத்தம் 1868 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியராகிய நமக்கும் இச்சொற்கள் அயலானவை அல்ல. 1950 ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 14-ஆவது உறுப்பில் சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்னும் தொடர் உள்ளது. அத்தொடர் அமெரிக்கத் திருத்தத்திலிருந்து நம் சட்டத்துக்கு வந்ததாகும். எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. பிறந்த மாநிலம் விட்டு வேறு மாநிலத்தில் குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு அந்தச் சொற்கள் நாள்தோறும் துணை நிற்கின்றன.

இறுதி உறைவிடம்

1868-இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன்மீது குற்றம் சாட்டி விசாரணை நடந்தது. அதனை முன்னின்று நடத்தியோருள் ஸ்டீவன்ஸும் ஒருவர். நடக்கவும் இயலாத நிலையில் அவரை நாற்காலியில் வைத்து அவைக்குச் சுமந்து சென்றனர். ஒரே ஒரு வாக்குக் குறைந்தமையால் ஜான்சன் பதவி இழவாமல் தப்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் இரவு வாஷிங்டனில் ஸ்டீவன்ஸ் உயிர் நீத்தார். காங்கிரஸ் மாளிகையில் வைக்கப்பட்ட அவர் உடலுக்குக் கறுப்பினப் படைவீரர்கள் காவல் நின்றனர். லாங்காஸ்டரில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 20,000 மக்கள் கூடினர். அவருள் செம்பாதியினர் கறுப்பின மக்கள் என்பர்.

அவரை எங்கே அடக்கம் செய்தனர்? அந்நகரின் பெரிய இடுகாடுகளில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. ஆகவே எல்லா இனத்தவரையும் ஏற்ற ஒரு சிறிய இடுகாட்டையே அவர் தமக்கென முன்னதாகத் தேர்ந்துகொண்டார். தனிமையை விரும்பி அவ்விடத்தைத் தேரவில்லை என்றும், மற்ற இடங்களில் நிற வேறுபாடு விதியாக இருப்பதால், வாழ்நாளெல்லாம் தாம் பேசிய மனித சமத்துவத்தை இறப்பிலும் விளக்கவே அதைத் தேர்ந்ததாகவும் பொருள்படும் வாசகத்தைத் தாமே எழுதி வைத்தார். அது இன்றும் அக்கல்லில் காணப்படுகின்றது. ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சாதி, நிற வேறுபாடின்றி ஒரு பள்ளி அமைக்கவும் அவர் பொருள் விட்டுச் சென்றார். 1905-இல் லாங்காஸ்டரில் தோன்றிய தொழிற்பள்ளி, தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மேடையில் சமத்துவம் பேசுவோர் பலர். ஆயினும் வீட்டில் யாரை எவ்வாறு அழைக்கின்றோம், நம் பிள்ளையுடன் யார் பிள்ளை ஒரே பலகையில் அமர இசைகின்றோம், இறுதியில் யார் அருகில் துயில விரும்புகின்றோம் என்னும் வினாக்கள் நம் கொள்கையை உரைத்துப் பார்க்கும் கட்டளைக் கற்கள். இளமையில் சாரிட்டி பட்லருக்கு எதிராக நின்றவர், இம்மூன்று வினாக்களுக்கும் தம் வாழ்வாலேயே விடை எழுதினார். ஒருமுறை தவறான பக்கம் நின்றதனால் ஒரு மனிதனின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. எஞ்சிய நாட்களை அவன் எப்பக்கம் செலவிட்டான் என்பதையும் கூட்டிப் பார்த்தே வரலாறு தீர்ப்பு வழங்குகின்றது.